ஜிரா வாங்குறது இருக்கட்டும், முதலாளி போனை என்ன செய்ய?

கேள்வி: அண்ணே, நாகர்கோவில் செட்டிகுளத்துல ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனில டீம் லீடா இருக்கேன். நாங்க 8 பேரு, அதுல 2 பேரு மார்த்தாண்டத்துல வீட்டுல இருந்தே வேலை பாக்காங்க. துபாய், குவைத் கிளையண்டுகளுக்கு ஆப், வெப்சைட் பண்ணிக் குடுக்கோம். வேலை எல்லாம் வாட்ஸ்அப் குரூப்லயும் முதலாளி போன்லயும்தான் வருது. யாரு எதைப் பாக்கான்னே தெரியல, போன மாசம் ஒரே பக்கை (ஆப்ல உள்ள தப்பை) ரெண்டு பேரு தனித்தனியா உக்காந்து சரி பண்ணி வச்சிருக்காங்க. முதலாளி, யாரு எந்த வேலையைப் பாக்கான்னு எழுதி வைக்கற ஜிராங்கிற சாப்ட்வேரை வாங்கிரலாம்ங்காரு, பயலுவ "இதுல வேற எழுதிட்டு கெடக்கணுமா"ங்கானுவ. எதை வாங்க, எப்படி ஆரம்பிக்க?
– தக்கலை வாசகர்

பதில்: தம்பி, உங்க முதலாளி சொல்றது பாதி சரி. 8 பேரு, ரெண்டு ஊரு, ரெண்டு நாட்டு கிளையண்டு, இதை வாட்ஸ்அப்ல ஓட்ட முடியாது, ஒரு சாப்ட்வேர் வேணும்தான். ஆனா எதை வாங்கங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்க முதலாளி போன்ல வேலை சொல்றதை நிறுத்துவாராங்கிறதாக்கும். அவரு நிறுத்தலைன்னா நீங்க எவ்வளவு காசு குடுத்து எதை வாங்கினாலும் ரெண்டு மாசத்துல அது ஒரு மூலையில கெடக்கும், எல்லாரும் பழையபடி குரூப்ல "அண்ணே அந்த லாகின் என்னாச்சு"ன்னு கேட்டுட்டு இருப்பாங்க.

ஒரே பக்கை ரெண்டு பேரு பாத்தாங்கன்னு சொன்னீங்கல்லா, அது எப்படி நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கிளையண்டு குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பாரு, அதை ஒருத்தன் கேட்டு சத்தமில்லாம வேலையை ஆரம்பிச்சிருப்பான், அதே விஷயத்தை முதலாளி இன்னொருத்தனுக்கு போன்ல சொல்லியிருப்பாரு. கல்யாண வீட்டுல ஆளாளுக்கு பந்தி விசாரிச்ச கதை. ஒரு இலைக்கு ரெண்டு தடவ சாம்பாரு, பக்கத்து இலை காஞ்சு கெடக்கும். ரெண்டு பேருமே பொறுப்பான பயலுவதான், வேலைக்கு நேரா யாரு பேரும் எங்கயும் எழுதி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால முதல்ல ஒரு சட்டம் போடுங்க: கார்டு இல்லைன்னா வேலை இல்லை. கார்டுன்னா, என்ன வேலை, யாரு பாக்கான்னு அந்த சாப்ட்வேர்ல எழுதிப் போடற சின்ன சீட்டு. முதலாளி கிட்ட போய் இதை சட்டமா சொன்னா முகம் கோணும், அதனால அவர்கிட்ட வேற மாதிரி போகணும். அவரு போன் பண்ணி "அந்த பேமென்ட் பேஜ கொஞ்சம் பாரு"ன்னா, "சரி சார், இப்பவே கார்டு போட்டுருகேன், இது அவசரமா, இல்ல இன்னைக்கு பாத்துட்டிருக்கறதை முடிச்சுட்டு பாக்கலாமா"ன்னு லைன்ல இருக்கும்போதே கேட்டு, போட்டு, அதோட லிங்கை அவருக்கு அனுப்பி விட்டுருங்க. அவரு ஒண்ணும் படிக்க வேண்டாம். லிங்கை அமுக்கினா யாரு பாக்கா, எங்க நிக்குதுன்னு போன்லயே தெரியும், கொஞ்ச நாள்ல அவரே அதைப் பாத்துட்டுதான் பேசுவாரு. வாட்ஸ்அப் குரூப்பை கலைக்க வேண்டாம், கரண்ட் போச்சு, பஸ் லேட்டு, டீ சொல்லியாச்சான்னு பேச அது வேணும், வேலை மட்டும் அங்க பிறக்கக் கூடாது.

இனி எதை வாங்கன்னு பாப்போம். ஜிரா நல்ல சாமான்தான், ஆஸ்திரேலியாவுல அட்லாசியன்னு ஒரு கம்பெனி 2002-ல கொண்டு வந்தது, ஆரம்பத்துல பக் எழுதி வைக்கத்தான் செஞ்சாங்க, இப்ப பெரிய கம்பெனிகள்ல எல்லாம் இதுதான் ஓடுது. 10 பேரு வரைக்கும் இலவசம், அதனால இப்போதைக்கு நீங்க வாங்கவே வேண்டாம், சும்மா ஆரம்பிக்கலாம். ஆனா ஒண்ணு, 11-வது ஆள் வந்தா அந்த ஒருத்தருக்கு மட்டும் காசு கட்டுற கதையில்லை, 11 பேருக்கும் கட்டணும். உங்க மாதிரி இடத்துல காலேஜ் பிள்ளைங்க இன்டர்ன்ஷிப்னு நாலு பேரு வந்து நிப்பாங்க, அப்ப கணக்கு மாறும், இதை முதலாளிகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க. இன்னொரு கஷ்டம் என்னன்னா ஜிராவுல செட்டிங்ஸ் ஏராளம், ஒரு கார்டு போட பதினஞ்சு கட்டம் நிரப்பணும்ங்கிற அளவுக்கு அதை வளச்சு வச்சிருக்கற ஆபீஸ்கள் உண்டு, அப்படி வச்சா உங்க பயலுவ மட்டுமில்ல, நானும் எழுத மாட்டேன்.

ட்ரெல்லோ அதை விட லேசு, போர்டு, கார்டு, இழுத்து அடுத்த கட்டத்துல போடு, முடிஞ்சுது. 2017-ல அதையும் அதே அட்லாசியன் வாங்கிட்டாங்க. நம்ம ஜோஹோவுல ஸ்பிரிண்ட்ஸ், ப்ராஜெக்ட்ஸ்னு ரெண்டு இருக்கு, ஏற்கனவே மெயிலும் பில்லும் ஜோஹோவுல ஓடுற ஆபீஸுக்கு அது ஒட்டிக்கும். ரெட்மைன் இலவசம், 2006-ல இருந்து இருக்கு, ஆனா அதை சர்வர்ல ஏத்தி பேக்கப் எடுத்து அப்டேட் பண்ண ஒரு ஆளு வேணும், உங்க 8 பேர்ல யாருக்கு அதுக்கு நேரம்?

என்னைக் கேட்டா, உங்க கோடு ஏற்கனவே கிட்ஹப்லதானே (கோடு சேத்து வைக்கற சைட்டு) கெடக்கும், அப்படின்னா அங்க உள்ள இஷ்யூஸும் (அங்க கார்டுக்கு இதுதான் பேரு) ப்ராஜெக்ட்ஸ் போர்டுமே போதும், புதுசா ஒரு பாஸ்வேர்டு கூட வேண்டாம். 2020-ல இருந்து பிரைவேட் ரெப்போவுக்கும் (வெளியாளு பாக்க முடியாத கோடு பெட்டிக்கும்) ஆள் கணக்கில்லாம இலவசம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, புல் ரிக்வெஸ்ட்ல, அதாவது எழுதின கோடை சேத்துக்கிடுங்கன்னு கேக்கற இடத்துல, "ஃபிக்ஸஸ்"னு இங்கிலீஷ்ல அடிச்சு ஹாஷ் போட்டு இஷ்யூ நம்பரை எழுதினா, அது மெயின் பிராஞ்சுல (முக்கிய கோடுல) மெர்ஜ் ஆகும்போது இஷ்யூ தானா க்ளோஸ் ஆயிரும். "இதுல வேற எழுதணுமா"ங்கிற பயலுக்கு இதைக் காட்டுங்க, அவன் எப்பவும் எழுதுற இடத்துலயே கூட ஒரு வரி, அவ்வளவுதான்.

போர்டுல நாலு கட்டம் போதும்: செய்யணும், செய்யுது, டெஸ்டிங், முடிஞ்சுது. "செய்யுது" கட்டத்துல ஒரு ஆளு பேர்ல ரெண்டு கார்டுக்கு மேல நிக்கக் கூடாது. இது கான்பன்ங்கிற வேலை முறைல உள்ள வழக்கம், டொயோட்டா கார் ஃபேக்டரில பிறந்த முறை, கையில இருக்கறதை முடிச்சுட்டு அடுத்ததை எடு, அதுதான் சாரம். இப்படி ஓட்டினா கொஞ்ச நாள்ல ஒரு விஷயம் கண்ணுல படும், பெரும்பாலும் டெஸ்டிங் கட்டத்துலதான் கார்டு குவிஞ்சு கெடக்கும். கோடு எழுத ஆறு பேரு, பாத்துச் சொல்ல ஒருத்தர்னா அப்படித்தான் ஆகும். அப்ப புது கார்டு எடுக்கறதை விட்டுட்டு டெவலப்பர்களும் உக்காந்து அடுத்தவன் வேலையை டெஸ்ட் பண்ணணும், யாருக்கும் பிடிக்காது, ஆனா டெலிவரி நிக்காது.

கார்டு எழுதற விதத்துலதான் பாதி கம்பெனி கவுந்து போகுது. "லாகின் சரியில்ல"ன்னு ஒரு கார்டு போட்டா அது வாட்ஸ்அப் மெசேஜை விட ஒண்ணும் மேல் இல்லை. இப்படி எழுதிப் பாருங்க: "ஆண்ட்ராய்டு ஆப்ல ஓடிபி அடிச்ச பிறகு பேக் பட்டன் அமுக்கினா வெள்ளை ஸ்க்ரீன் வந்து நிக்குது. ஐபோன்ல வரல. ஆப்பை மூடித் திறந்தா சரியாகுது. பேக் அமுக்கினா நம்பர் அடிக்கற பக்கத்துக்குத் திரும்பிப் போனா இது முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம்." கூட ஒரு ஸ்க்ரீன்ஷாட், போன் மாடல், ஒரு ஆளு பேரு. கடைசி வரிதான் முக்கியம், முடிஞ்சுதுன்னு எப்ப சொல்லலாம்ங்கிற வரி, அது இல்லாத கார்டுதான் திரும்பத் திரும்ப ரீஓப்பன் ஆகும். கிளையண்டு நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா, அதைக் கேட்டு இப்படி எழுதி, "இதுதானே சார் சொன்னீங்க"ன்னு அவருக்கே திருப்பி அனுப்பி ஓகே வாங்கிட்டு போர்டுல போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, பின்னால வர்ற "நான் அப்படி சொல்லவே இல்லையே"ங்கிற சண்டை மிச்சம்.

ஸ்பிரிண்ட் (வேலையைப் பிரிச்சுக்கற காலக்கெடு), ஸ்டோரி பாயிண்ட் (வேலை எவ்வளவு பெருசுன்னு போடற மார்க்)னு யாராவது திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இருந்து வந்து பாடம் எடுத்தா பயப்படாதீங்க. ஸ்பிரிண்ட் வச்சு ஓட்டற முறைக்கு ஸ்க்ரம்னு பேரு, அதுக்கு மூல விதின்னு வச்சிருக்கற ஸ்க்ரம் கைடுல, 2020 பதிப்புல, ஸ்டோரி பாயிண்ட்ங்கிற பேச்சே கிடையாது. ஸ்பிரிண்ட் ஒரு மாசம் இல்லாட்டி அதுக்குக் குறைவு, தினமும் 15 நிமிஷத்துக்கு மேல போகாத ஒரு மீட்டிங், இதெல்லாம்தான் அதுல இருக்கு. நீங்க ரெண்டு வாரம்னு வச்சுக்கிடுங்க, காலைல மார்த்தாண்டம் பயலுவளையும் வீடியோல சேத்து போர்டைத் திறந்து வச்சு வலது பக்கத்துல இருந்து, அதாவது முடியப் போற கார்டுல இருந்து பேச ஆரம்பிங்க.

தேதி குறிக்கும்போது மட்டும் ரெண்டு காலண்டரைப் பாருங்க. துபாய்ல 2022-ல இருந்து சனி ஞாயிறு லீவு, குவைத்ல இன்னும் வெள்ளி சனி. குவைத்காரருக்கு வெள்ளிக்கிழமை டெலிவரின்னு வச்சா அவரு பாக்கறது ஞாயித்துக்கிழமை, நீங்க குடும்பத்தோட திற்பரப்பு அருவில குளிச்சுட்டு நிக்கும்போது பக் வரும். நம்ம ஊர் பக்கத்துல டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசில மண்டைக்காடு கொடை, ரெண்டுக்கும் உள்ளூர் லீவு விடுவாங்க. கிளையண்டுக்கு அது தெரியாது, போர்டுல நீங்கதான் முன்னாலயே போட்டு வைக்கணும்.

உங்க பயலுவ முனகறதுல ஒரு நியாயமும் இருக்கு, எழுத மடி மட்டும் இல்லை, "நம்மளை கண்காணிக்கத்தான் இது"ங்கிற சந்தேகம் உள்ள கெடக்கும். மாசக் கடைசில யாரு எத்தனை கார்டு முடிச்சான்னு எண்ணி இன்கிரிமென்ட் பேச மாட்டோம்னு முதலாளி வாயாலேயே சொல்ல வையுங்க. எண்ண ஆரம்பிச்சா ஒரு வேலையை அஞ்சு கார்டா கிழிச்சுப் போட யாருக்கும் தெரியும், கஷ்டமான பக் எடுக்க ஒருத்தனும் கையைத் தூக்க மாட்டான்.

எல்லா ப்ராஜெக்டையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, துபாய், குவைத்ல எந்த வேலைல குழப்பம் அதிகமோ அதை மட்டும் முதல்ல எடுங்க. பழைய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஏத்தணுமான்னு அடுத்து கேப்பீங்க, வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து இன்னும் முடியாம நிக்கறது என்னென்னன்னு மட்டும் சொல்லுங்க, நீங்க கார்டு போட்டுட்டே வாங்க, மறந்து போனது ஏதாவது இருந்தா கிளையண்டு தானா வந்து கேப்பாரு, அப்ப அதுக்கு ஒரு கார்டு போட்டுக்கிடலாம்.