வற்றாப்பளை எண்ட பேர் பத்தாம் பளையில இருந்தா வந்தது?

முள்ளியவளைப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: பள்ளிக்கூட மலருக்கு, முல்லைத்தீவில கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற வற்றாப்பளைக்குப் பேர் வந்த விதம் எழுதோணும், கண்ணகி பத்தாவதா வந்து தங்கின பளை எண்டபடியா பத்தாப்பளை, அது பிறகு வற்றாப்பளையாப் போச்சுது எண்டு அம்மம்மா சொல்லுறா, தண்ணி வற்றாத இடம் எண்டு ரீச்சர் சொல்லுறா, எதைப் போடுறது?

ரெண்டையும் போடுங்கோ, ஆனா ஒரே பந்தியில போட்டுக் கலக்காதேங்கோ. கதை வேற, சொல் வேற.

முதல்ல கதை. மதுரையை எரிச்சுப்போட்டு வந்த கண்ணகி நந்திக்கடல் கரையில மாடு மேய்ச்ச பெடியளிட்டக் கிழவியா வந்து பசிக்குது எண்டிருக்கிறா, அவங்கள் புக்கை பொங்கினவங்கள், இருட்டுப்பட்டுது, விளக்குக்கு எண்ணெய் இல்ல, கடல்தண்ணியை விட்டுக் கொளுத்துங்கோ எண்டா, எரிஞ்சுது, பிறகு பேன் பாருங்கோ எண்டு தலையைக் குடுக்க, மயிரை விலக்கினா தலை முழுக்கக் கண். வைகாசிப் பொங்கலுக்கு சிலாவத்தையில கடல்தண்ணி எடுத்து காட்டா விநாயகர் கோயில்ல உப்புத்தண்ணி விளக்கு எரிக்கிறதும் இந்தக் கதையோட சேர்ந்ததுதான். இதை அம்மம்மா சொல்லுற மாதிரியே எழுதுங்கோ, திருத்த வெளிக்கிடாதேங்கோ, ஃபோனில ரெக்கோட் பண்ணி வச்சா இன்னும் நல்லம்.

இனிச் சொல்லுக்கு வாறன். பத்து, நேற்று ரெண்டையும் சத்தமாச் சொல்லிப் பாருங்கோ. பத்தில நாக்கு பல்லில முட்டும், நேற்றில அதுக்குக் கொஞ்சம் மேல, முரசில முட்டும். இந்தியாவில கனபேர் நேத்து எண்டு ரெண்டையும் ஒண்டாக்கிப்போட்டினம், எங்கட வாயில இன்னும் வேற வேறதான். அப்ப பத்தாப்பளை வற்றாப்பளையா மாறுறதெண்டா முன்னுக்கு ப-வும் மாறோணும் நடுவில த்த-வும் மாறோணும், எனக்கு மனம் ஒப்பேல்ல. வற்றா எண்டதுக்கு ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்ல, வற்றாத எண்டதின்ர குறுக்கம், நீங்கள் இலக்கணத்தில படிச்ச ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பளையும் இங்க மட்டும் உள்ளதில்ல, ஆனையிறவு தாண்டினா பளை, பக்கத்தில புலோப்பளை. என்ர வாக்கு ரீச்சருக்கு.

அதுக்காகக் கதையெல்லாம் பொய் எண்டில்ல. ஒட்டுசுட்டான் எண்ட ஊரின்ர பேரைப் பாருங்கோ. குரக்கன் வெட்டின பிறகு நிக்கிற அடிக்கட்டைதான் ஒட்டு, காடு வெட்டி எரிச்சுச் சேனைப்பயிர் செய்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஒட்டைச் சுட, ஒரு இடம் மட்டும் வேகேல்ல, அதை மண்வெட்டியால வெட்ட ரத்தம் வந்துது, உள்ளுக்க லிங்கம். அதால சாமிக்கு வேகாவனேஸ்வரர் எண்டும் பேர். அதிசயத்தை நம்புறது உங்கட விருப்பம், ஆனா அங்க கதையும் சொல்லும் ஒட்டிக்கொண்டு நிக்குது, ஒரு எழுத்தையும் இழுத்து வளைக்கத் தேவையில்ல.

அச்சுக்குக் குடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஆரிட்டயாவது பழைய காணி உறுதி இருந்தா ஊர்ப்பேர் எப்பிடி எழுதியிருக்கு எண்டு பாருங்கோ, இடம்பெயர்வில கனபேற்ற உறுதி துலைஞ்சுபோச்சுது, எண்டாலும் கேளுங்கோ. 1895 இல லூயிஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி வன்னியைப் பற்றி எழுதின கையேட்டையும் லைப்ரரியில கேட்டுப் பாருங்கோ. உறுதியில ப போட்டுக் கிடந்தா எனக்கு எழுதுங்கோ, நான் அம்மம்மான்ர பக்கம் மாறுறன்.