ராவென்னாவில் ஒரு பகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இத்தாலிப் பயணத்தில் வெனிஸுக்கும் புளோரன்ஸுக்கும் இடையே எங்களுக்கு ஒரே ஒரு நாள் மிஞ்சுகிறது. அந்த நாளை ராவென்னாவுக்கு ஒதுக்கலாமா? அங்கே எதை முதலில் பார்ப்பது?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். பொலோஞாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நிலையத்திலிருந்து பழைய நகரின் மையத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போய்விடலாம். ஆனால், தெருவில் நின்று பார்த்தால் ஊர் உங்களை ஏமாற்றிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பழைய தேவாலயங்கள் வெளியே வெறும் செங்கல் சுவர்கள்தான். கி.பி. 402-இல் பேரரசர் ஹொனோரியஸ், சதுப்பு நிலம் சூழ்ந்த இவ்வூரைப் பகைவர் எளிதில் நெருங்க முடியாது என்று கருதி, மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கு மாற்றினார். அதன் பிறகு 751 வரை ரோமானியர், கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார், கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானிய அரசின் ஆளுநர்கள் எனப் பலரும் இவ்வூரை ஆண்டார்கள். அவர்கள் காலத்துச் செல்வமெல்லாம் சுவர்களின் உட்புறத்தில், வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் சித்திரங்களாக இறங்கியிருக்கிறது.

முதலில் காலா பிளாசிடியாவின் கல்லறை மாடத்துக்குப் போங்கள். ஹொனோரியஸின் சகோதரியான அவர் 450-இல் ரோமில் இறந்தார். இங்கே அடக்கம் செய்யப்பட்டவராகத் தெரியவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சிறிய கட்டடம். சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள் இருப்பதால், உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்தால், கருநீல விதானமும் அதில் வட்டம் வட்டமாக அடுக்கிய பொன் விண்மீன்களும் மெல்லத் துலங்கும். கூட்டம் மிகும் பருவத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க விடமாட்டார்கள் என்பதால், அந்த நேரத்தைக் கைப்பேசியில் படம் எடுப்பதில் கழித்துவிடாதீர்கள்.

அதே வளாகத்தில் இருக்கும் சான் விட்டாலே தேவாலயத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். எண்கோண வடிவிலான இந்தக் கோயிலின் பலிபீடப் பகுதியில், ஒருபுறம் கான்ஸ்டான்டினோபிள் பேரரசர் ஜஸ்டினியனும் எதிர்ப்புறம் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். இருவரும் இவ்வூருக்கு வந்ததே இல்லை. 540-இல் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் நகரைக் கைப்பற்றிய பின், ஆட்சி யாருடையது என்பதை மக்களுக்கு உணர்த்த இந்தச் சுவர்ச் சித்திரமே போதுமானதாக இருந்தது. பேரரசரின் குழுவில் தலைக்கு மேல் பெயர் எழுதப்பட்டிருப்பவர் பேராயர் மாக்சிமியானுஸ் ஒருவர் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். கோயிலுக்கு அபிஷேகம் செய்தவர் அவர்தான். தியோடோராவின் அங்கி விளிம்பிலோ, குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்த மூன்று ஞானியர் பின்னப்பட்டிருக்கிறார்கள். இரு கண்ணாடி அடுக்குகளுக்கிடையே தங்கத் தகட்டை வைத்துச் சில்லுகள் செய்து, ஒவ்வொரு சில்லையும் சற்றே வெவ்வேறு சாய்வில் பதித்திருப்பதால், நீங்கள் ஓரடி நகர்ந்தாலும் சுவரின் ஒளி இடம் மாறும். ஆகவே ஓரிடத்தில் நின்று பார்க்காமல், மெதுவாக நடந்துகொண்டே பாருங்கள்.

கேள்வி: சான்த் அப்பொலினாரே நுவோவோ தேவாலயத்தில் சில உருவங்களை அழித்திருக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். என்னைக் கேட்டால், ராவென்னாவிலேயே மிகச் சுவையான காட்சி அதுதான். கோத்திய மன்னர் தியோடோரிக் தம் அரண்மனைக் கோயிலாகக் கட்டியது இது. அவர் ஏரியஸ் என்ற குருவின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர். மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளுக்கு நிகரானவர் அல்லர் என்பது அந்தப் பிரிவின் கொள்கை. கான்ஸ்டான்டினோபிளின் ஆட்சி வந்ததும் கோயில் மறுதரப்பின் கைக்கு மாறியது; அரண்மனையைக் காட்டும் மொசைக்கில் தூண்களுக்கிடையே நின்றிருந்த மனிதர்களைப் பெயர்த்துவிட்டு, அந்த இடங்களில் வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் வேலை செய்தவர்கள் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை விட்டுவிட்டார்கள். உடலில்லாத அந்தக் கைகளும் விரல்களும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன. மேலே இருபுறமும் நீளும் கன்னியர், மறைசாட்சியர் ஊர்வலங்களைப் பார்த்து மயங்கி, பலர் இதைக் காணாமலே வெளியேறிவிடுகிறார்கள்.

தியோடோரிக்கின் சமாதி ரயில் நிலையத்துக்கு அப்பால், தனியே ஒரு பூங்காவில் இருக்கிறது. சுமார் பத்து மீட்டர் விட்டமுள்ள ஒரே கல்லைக் கூரையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

கேள்வி: புளோரன்ஸில் பிறந்த கவிஞர் தாந்தேயின் கல்லறை ஏன் ராவென்னாவில் இருக்கிறது?

பதில்: புளோரன்ஸ் அவரை 1302-இல் நாடு கடத்தியது. ராவென்னாவின் ஆட்சியாளர் குயிதோ நொவெல்லோ ஆதரவு தந்தார். தம் பெருங்காவியத்தை நிறைவு செய்த கவிஞர் 1321 செப்டம்பரில் இவ்வூரிலேயே இறந்தார். பின்னர் புளோரன்ஸ் மனம் மாறி உடலைக் கேட்டது. புளோரன்ஸின் மெடிச்சி குடும்பத்தில் பிறந்த பத்தாம் லியோ போப்பாண்டவராக இருந்தபோது, 1519-இல் அனுமதியும் பெற்று ஆட்கள் வந்தார்கள். பேழையைத் திறந்தால் உள்ளே எலும்பு இல்லை. அருகிலிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் முன்பே சுவரில் துளையிட்டு எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். அவை 1865-இல்தான் தற்செயலாக வெளிப்பட்டன. இன்றும் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் தருவது புளோரன்ஸ் நகரம். பக்கத்திலுள்ள சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் நிலவறையையும் எட்டிப் பாருங்கள்: நிலம் தாழ்ந்து நீர் புகுந்த பழைய மொசைக் தரையின் மேல் தங்கமீன்கள் நீந்துகின்றன.

கேள்வி: நுழைவுச்சீட்டு, உடை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள சான் விட்டாலே, காலா பிளாசிடியா, அப்பொலினாரே நுவோவோ, நெயோனே ஞானஸ்நான மண்டபம், பேராயர் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு ஒரே கூட்டுச்சீட்டு உண்டு, காலா பிளாசிடியாவுக்கும் நெயோனே ஞானஸ்நான மண்டபத்துக்கும் நுழையும் நேரத்தை முன்பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். மறக்காமல் ஒரு சிறிய தொலைநோக்கியைக் கொண்டு செல்லுங்கள். அந்தக் கைகள் உயரத்தில் இருக்கின்றன.