ஸ்கேன் செய்துவிட்டால் காப்பாற்றியதாகிவிடுமா?

கேள்வி: அமெரிக்காவின் சிகானோ (மெக்சிக வம்சாவளி) ஓவியர்களுடைய சுவரொட்டிகளையும், படைப்புகளைப் படமெடுத்த ஸ்லைடுகளையும் (சட்டமிட்ட சிறு ஃபிலிம் துண்டுகள்) குளிரூட்டிய அறையில் வைத்துக் காப்பதற்குக் காப்பகங்கள் நிறையச் செலவழிக்கின்றன என்று படித்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே, மூலம் எதற்கு?
– வாசகர், திருச்சி

பதில்: முடியாது. ஸ்கேன் நடுவில் வரும் ஒரு வேலை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை விட்டுவிட்டால் மூலமும் அழியும், இணையத்தில் ஏற்றிய படமும் தேடுகிறவருக்கு அகப்படாது.

1960களில் மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்கள் பண்ணைத் தொழிலாளர் உரிமைக்கும் கல்விக்கும் போராடியபோது, அந்தப் போராட்டத்தோடு பிறந்ததுதான் சிகானோ கலை. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ், சேக்ரமென்டோவின் ராயல் சிகானோ ஏர் ஃபோர்ஸ், சான் பிரான்சிஸ்கோவின் கலேரியா டி லா ராசா ஆகிய கலை அமைப்புகளின் ஆவணங்கள் இன்று சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளும் உண்டு. சுவரோவியங்கள் பலவற்றின்மேல் வெள்ளையடித்தாயிற்று, தெருவில் ஒட்டிய சுவரொட்டிகள் கிழிந்து போயின. பல படைப்புகளுக்கு அந்தக் கால ஸ்லைடு ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஸ்லைடும் சும்மா இருப்பதில்லை. கோடாக் நிறுவனத்தின் ஸ்லைடு ஃபிலிம்கள் இரண்டு, எக்டாக்ரோமும் கோடாக்ரோமும். பழைய எக்டாக்ரோம் இருட்டறையில் இருந்தாலும் நீலப்பச்சைச் சாயத்தை இழந்து சிவந்துபோகும். கோடாக்ரோம் இருட்டில் நன்றாகத் தாங்கும்; புரொஜெக்டரில் அடிக்கடி போட்டால்தான் வெளுக்கும். இரண்டுக்கும் பொது எதிரி, அன்று எல்லாரும் வாங்கிய பிவிசி பிளாஸ்டிக் உறை. நாளாவட்டத்தில் அது எண்ணெய்ப் பிசுக்கையும் அமில ஆவியையும் கக்கிப் படலத்தைக் கெடுக்கும். அதனால் முதல் வேலை, பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுவது. அடுத்தது குளிர்ப்பெட்டி. வெளியே எடுக்கும்போது காற்றுப்புகாத பையோடு எடுத்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் படலத்தின்மேல் வியர்த்துவிடும்.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 4000 புள்ளி, நிறத்துக்கு 16 பிட், சுருக்காத டிஃப் கோப்பு. ஒரு ஸ்லைடுக்கு ஏறத்தாழ 128 மெகாபைட் ஆகும். பத்தாயிரம் ஸ்லைடுக்கு 1.3 டெராபைட். மூன்று பிரதி வைத்தால் 4 டெராபைட். இணையத்துக்குப் போவது அதிலிருந்து எடுத்த சிறிய ஜேபெக் மட்டுமே. கோடாக்ரோமுக்கு ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது படத்தின் நுணுக்கங்களையே தூசியென்று நினைத்து அழிக்கும். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தையும் தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும். படமெடுத்தவர் பெயர், தெரு, ஆண்டு எல்லாம் அதில்தான் பேனாவால் எழுதியிருக்கும். ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்ததால் இடவலம் மாறி ஏறிய சுவரோவியத்தில் எழுத்து இருந்தால் பிழை உடனே தெரியும். எழுத்தில்லாத ஓவியம் அப்படியே தலைமுறை தலைமுறையாகத் தவறாகப் போய்க்கொண்டிருக்கும்.

சுவரொட்டிக்கு வருவோம். எஸ்தர் எர்னாண்டெஸ் 1982இல் அச்சிட்ட ‘சன் மேட்’, உலர்திராட்சைப் பெட்டியின் சிரிக்கும் பெண்ணை எலும்புக்கூடாக்கிப் பூச்சிமருந்தின் விஷத்தைச் சொன்னது. இப்படிப்பட்ட சில்க் ஸ்கிரீன் அச்சில் மை தடித்துப் படிந்திருக்கும். ஒளிரும் மையும் உலோக மையும் எந்தத் திரையிலும் அதே நிறத்தில் தெரியாது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்; நடுவில் அமிலமற்ற தாள் வைத்துத் தட்டையான இழுப்பறையில் கிடத்த வேண்டும். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸ் வெளிச்சம், சில மாதங்கள், பிறகு இருட்டில் ஓய்வு. லேமினேஷன் கூடவே கூடாது. ஒரு முறை செய்துவிட்டால் அதைப் பிரிக்க வழியில்லை.

மூலம் எதற்கு என்கிறீர்களே, பார்பரா கராஸ்கோவின் ஓவியத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வரலாற்றை 1981இல் 80 அடி நீளப் பலகைகளில் வரைந்தார். நகரப் புனரமைப்பு முகமை சில காட்சிகளை நீக்கச் சொன்னது, அவர் மறுத்தார். ஓவியம் பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்தது. 2017இல் நகரின் யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் மக்கள் பார்த்தார்கள்; 2024 முதல் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிலையாக இருக்கிறது. பலகைகளைப் பத்திரப்படுத்தாமல் போட்டோவோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காது. சிகானோ சுவரோவியர்களுக்கு முன்னோடியான மெக்சிக ஓவியர் சிகேரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் வரைந்த ‘அமெரிக்கா ட்ரோபிகல்’ சுவரோவியம் இதற்கு மறுபக்கம். வெள்ளையடித்து மறைத்ததை 2012இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். ஆனால் அசல் நிறங்களைக் காட்டும் வண்ணப்படம் இல்லாததால் மீண்டும் நிறம் தீட்டவில்லை. ஆக, பொருளும் வேண்டும், பதிவும் வேண்டும்.

உரிமையை மறந்துவிடாதீர்கள். தாள் காப்பகத்துக்குச் சொந்தமானாலும் படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் ஓவியரிடமே இருக்கும். சுவரோவியப் புகைப்படத்தில் வரைந்தவர், படமெடுத்தவர் என்று இரண்டு உரிமைகள். கட்டடங்களைப் படமெடுக்க அமெரிக்கச் சட்டம் தரும் சலுகை சுவரோவியத்துக்கும் செல்லும் என்று நம்பியிருக்க முடியாது. கையெழுத்து வாங்காமல் ஏற்றினால் ஓவியர் ஒரு கடிதம் போட்டதும் படத்தை இறக்க வேண்டியதுதான்.

ஒரு காப்பகத்திடம் பணம் குறைவு என்றால் முதலில் உறையை மாற்றட்டும். பிறகு, உயிரோடிருக்கும் ஓவியர்களிடம் அனுமதிக் கையெழுத்தையும், படத்தில் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்ற விவரத்தையும் வாங்கட்டும். ஸ்கேனரை அடுத்த ஆண்டும் வாங்கலாம்.