வயிறு வைத்த கத்தியைத் தீட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் பழைய இரும்புக் கத்தியின் வாய் இரண்டு பக்கமும் புடைத்தாற்போல இருக்கிறது. தட்டைக் கல்லில் தீட்டினால் கூர் வந்த மாதிரித்தான் தெரியும்; ஒரு பாரை மீனை வெட்டி முடிக்கமுன் மழுங்கிவிடும். பிழை கல்லிலா, கத்தியிலா?
— வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டும் நல்லவைதான், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. உங்கள் கத்தியின் வாய் அரிசிமணி நுனிபோல உருண்டு இறங்குவது. படுக்கவைத்துத் தேய்த்தால் கல் புடைப்பைத்தான் தின்னும், விளிம்பைத் தொடாது. நிமிர்த்தித் தேய்த்தால் விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலுக்குக் கூராகத் தெரிகிற அந்தப் பிசிறு முதல் முள்ளிலேயே மடிந்துவிடும்.

கல்லை வைத்துவிட்டு 400, 800, 2000 நம்பர் வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்குங்கள். கணினி மவுஸுக்குக் கீழே போடும் றப்பர் விரிப்பின் மேல் தாளை நனைத்து விரியுங்கள். றப்பர் சற்றுக் குழிந்து கத்தியின் வளைவுக்கு இடம் கொடுக்கும். வாயோரம் மார்க்கர் பேனையால் மை பூசி, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக இழுங்கள். வாயை முன்னே தள்ளினால் தாள் கிழியும். 10 இழுவைக்குப் பிறகு பாருங்கள்: விளிம்பில் மை மிச்சமிருந்தால் முதுகை ஒரு மயிரளவு உயர்த்துங்கள். 400இல், வாயின் நீளம் முழுக்க மறுபக்கம் பிசிறு தட்டுப்படும்வரை இழுத்துவிட்டுப் பக்கம் மாற்றுங்கள். 800, 2000 தாள்களில் பக்கத்துக்குப் பத்துப் பத்தாக, வரவர அழுத்தத்தைக் குறைத்து.

பலரும் பிழைவிடுவது இழுவை முடிகிற இடத்தில்தான். கத்தியை நிமிர்த்தித் தூக்குவார்கள். அந்த ஒரு அசைவில் விளிம்பு உருண்டுபோகும். நிறுத்திவிட்டு, பிறகு தூக்குங்கள். பலமாக அழுத்தினாலும் இதே கதிதான், றப்பர் விளிம்பைச் சுற்றி ஏறிவிடும்.

கடைசியாக, பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்பான பக்கத்தில் உலோகம் மினுக்கும் பச்சைப் பொலிஷ் கட்டியைத் தேய்த்து, பக்கத்துக்கு 15 இழுவை. பிசிறு போய்விடும். கிழமைக்கு ஒருமுறை பெல்ட்டில் மட்டும் இழுத்துவந்தால் தாளைத் தேட மாதக்கணக்காகும்.

கேள்வி: மோட்டார் சாணையில் கொடுத்தால் என்ன? துருவுக்கு என்ன செய்வது?
— வாசகர், நிலாவெளி

பதில்: கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் கல்லில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். வளைவும் தட்டையாகிவிடும்.

கடற்கரை ஊரில் துரு ஓர் இரவில் வரும். மீன் வெட்டியதும் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டுப் பூசுங்கள். தோல் உறையில் போட்டு வைக்கவேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாடைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். கத்தியில் படிகிற சாம்பல் கறுப்பைச் சுரண்டாதீர்கள், அது இரும்புக்குக் காவல். சிவந்த துருவை மட்டும் 2000 தாளால் எடுங்கள்.