நெப்பந்தஸில் குடுவை ஏன் வரவில்லை?

கேள்வி: சென்னையில் பால்கனியில் நெப்பந்தஸ் (பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி) வைத்திருக்கிறேன். நர்சரியில் வாங்கும்போது குடுவைகள் நிறையத் தொங்கின, இரண்டு மாதத்தில் எல்லாம் காய்ந்துவிட்டன. புது இலை வருகிறது, குடுவை இல்லை. இலை ஓரமும் கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், மண்புழு உரமும் போட்டேன்.

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். சத்து இல்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்தச் செடி எறும்பு பிடிக்கிறது, அதன் வேருக்கு உரமும் ஆகாது, உப்பும் ஆகாது. இலை ஓரம் கருகுவதற்கு என் சந்தேகம் போர் தண்ணீர்மேல்தான். இதற்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 50-க்குள் இருந்தால் நல்லது, 100 வரை சமாளிக்கும். சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். ருசிக்காக உப்புச் சேர்த்துவிடும் ஆர்ஓவும் உண்டு, அதனால் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

உரம் கலந்த மண்ணையும் மாற்றியாக வேண்டும். ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) போதும். கோகோபீட்தான் (தேங்காய் நார்த்தூள்) கிடைக்கிறது என்றால் உப்புப் போகும்வரை பல தண்ணீரில் அலசுங்கள். மாற்றும்போது வேர் கறுப்பாக, நூல் மாதிரி இருக்கும், அழுகிவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள், இதன் வேரின் நிறமே அதுதான். அப்புறம், தட்டில் தண்ணீர் தேங்கவிட வேண்டாம்.

சரி, குடுவை. காய்ந்துபோன இலையில் திரும்ப வராது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும். இலை நுனியிலிருந்து நீளும் கம்பியின் முனையில் சின்ன மொட்டு இருக்கிறதா? அது பழுப்பாகிக் கருகினால் காற்றில் ஈரம் போதவில்லை: ஏசி வெளிக்காற்று அடிக்கும் மூலை, கத்திரி வெயிலின் அனல் காற்று இப்படி ஏதாவது காரணமாக இருக்கும். மொட்டு கருகாமல், பெரிதாகாமல் அப்படியே நிற்கிறது, இலையும் கரும்பச்சையாக நீண்டு தொங்குகிறது என்றால் வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும், மே மாதத்தில் மட்டும் நிழல்வலை கட்டுங்கள்.

குடுவைக்குள் சோறு, இறைச்சித் துண்டு எதுவும் போட வேண்டாம், அழுகிக் குடுவையையே கெடுக்கும். வென்ட்ராட்டா என்ற கலப்பு வகை என்றால் சென்னையில் தேறிவிடும், மலை வகை என்றால் ராத்திரிக் குளிர் இல்லாமல் தாங்காது, எனவே நர்சரியில் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மண் மாற்றிய பிறகு இரண்டு மூன்று இலை வெறுமனே வரலாம். அதுவரை தொட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.