வார்டுக்கு ஒரு ஓட்டு: சின்னத்துக்கா, ஆளுக்கா?

கேள்வி: எங்கள் நகராட்சி வார்டில் போன முறை மூன்று கட்சிக்காரர்களும் இரண்டு சுயேச்சைகளும் நின்றார்கள். வழக்கம்போலச் சின்னத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறையாவது கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போடு என்கிறான் மகன். ஆளுங்கட்சி கவுன்சிலர் இருந்தால்தான் தெருவுக்கு விளக்கே வரும் என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை, அம்மா. உங்கள் மகன் பாதி தூரம் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

‘நல்ல ஆள்’ என்று நம் ஊரில் யாரைச் சொல்கிறோம்? கல்யாணத்துக்குத் தவறாமல் வந்து மொய் எழுதுகிறவரை. சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து பந்தல் போடச் சொல்கிறவரை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுப்பவரை. நல்ல குணங்கள்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகராட்சி மன்றத்தில் அவர் எதற்குக் கை தூக்குவார் என்று மொய் நோட்டில் எழுதியிருக்காது. தவிர, ‘நல்ல ஆள்’ என்பது நான்கு நாளில் ‘நம்ம ஆள்’ ஆகிவிடுகிறது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவியும் ஆட்டோவும்தான். அங்கே கட்சி போன இடத்தில் கொள்கையா வந்து உட்கார்ந்தது? பெரும்பாலும் சாதியும் பங்காளிக் கணக்கும் வந்தன. 2019 தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது.

பார்க்க வேண்டியது சின்னத்தையும் அல்ல, முகத்தையும் அல்ல. நிலைப்பாட்டை. இன்ன விஷயம் மன்றத்துக்கு வந்தால் ஆமாம் என்பாரா, இல்லை என்பாரா என்பதை.

செய்தியாளனாக இருந்த காலத்தில் ஒரு நகராட்சியின் மன்றக் கூட்டங்களுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நிகழ்ச்சி நிரலில் அறுபதுக்கு மேல் பொருள்கள். எழுத்தர் பொருள் எண்ணைச் சொல்லி முதல் வரியை வாசிக்கத் தொடங்கினார். ஐந்தாறு பொருள் தாண்டியதும் முன்வரிசையிலிருந்து ஒருவர் “ஆல் பாஸ்!” என்றார். மேசைகள் தட்டப்பட்டன. வடையும் டீயும் வந்துவிட்டன. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கவுன்சிலர் எழுந்தார். “பேருந்து நிலையக் கடைக் குத்தகையை மறு ஏலம் விடாமல் அதே வாடகைக்கு எதற்காக நீட்டிக்கிறீர்கள்? என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்கள்” என்றார். கட்சி வேறுபாடில்லாமல் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கட்சிக்காரர்கள்தான் முதலில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தில் அந்த ஒரு வரி ஏறும் வரை நின்றார். எனக்கு அன்றைய செய்தியே அந்த ஒரு வரிதான்.

கவுன்சிலர் வேலை என்பது இதுதான். தெருவிளக்குக்குப் போன் பண்ணுவது அதில் ஒரு மூலை. வரி, குத்தகை, டெண்டர், குடிநீர்க் கட்டணம், குப்பை ஒப்பந்தம் எல்லாம் தீர்மானமாகத்தான் வருகின்றன.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டோம். மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1-ல் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம். உங்கள் ஊர் போன்ற நகராட்சிகளில் வீடுகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை. ஒன்றிய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்றது அரசு. அதில் நியாயம் இருக்கலாம். வரி வாங்காத நகராட்சி குழாயில் தண்ணீர் விட முடியாது என்பது என் கருத்தும்கூட. என் ஆற்றாமை வேறு. ஊர் ஊராக மன்றங்களில் அது தீர்மானமாக வைக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு உங்கள் வாசலில் கும்பிட்டு நின்றவரிடம் ‘வரி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருந்தோம்?

சின்னம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. நீட், மொழி, மாநில உரிமை என்றால் சின்னத்தைப் பார்த்தே நிலைப்பாடு தெரிந்துவிடும். அதற்கான தேர்தல் வேறு. குப்பை விஷயத்தைப் பாருங்கள். சென்னையில் குப்பை அள்ளுவது 2000-ஆம் ஆண்டு தனியாரிடம் போகத் தொடங்கியது. அதன்பின் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. தனியார்மயம் நிற்கவில்லை, மண்டலம் மண்டலமாகப் பரவியது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு எந்தச் சின்னம் பதில் வைத்திருந்தது?

சின்னம் கட்சிக்குள்ளேயேகூட நிற்பதில்லை. 2022 பிப்ரவரி 22-ல் முடிவு வந்தது. பத்தே நாளில், மார்ச் 4-ல் கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் பதவிகள் சிலவற்றை அதே கூட்டணியின் பெரிய கட்சிக்காரர்களே போட்டியிட்டுப் பிடித்தார்கள். பதவி விலகுங்கள் என்று கட்சித் தலைமையே அறிக்கை விட வேண்டி வந்தது. நெல்லையில் மேயருக்கு எதிராகச் சொந்தக் கட்சி உறுப்பினர்களே கிளம்பினார்கள். 2024 ஜூலையில் அவர் பதவி விலகினார்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. ஆளுங்கட்சி கவுன்சிலர் அமைச்சரைப் பார்த்து ஒரு பாலமோ பூங்காவோ வாங்கி வருவது உண்டு. மறுக்கவில்லை. ஆனால் தெருவிளக்கும் துப்புரவும் நகராட்சியின் அன்றாடக் கடமை. மாநில நிதிக்குழுப் பங்கும் நகராட்சிக்கு வருவது, உங்கள் வார்டில் ஜெயித்த சின்னத்தைப் பார்த்து அல்ல. ஆளுங்கட்சிக்காரர் என்றால் கேட்கச் சுலபம். ஆனால் கட்சிக்குச் சங்கடமான கேள்வியை மன்றத்தில் கேட்காமல் இருக்கும் கட்டாயமும் அவருக்குத்தான் அதிகம். இதைச் சொல்வதால் சுயேச்சைக்குப் போடுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நிலைப்பாடும் இல்லாத சுயேச்சை, தலைவர் தேர்தல் அன்று யார் பக்கம் போவார் என்று யாருக்கும் தெரியாது. வாய் திறந்து பதில் சொல்கிற கட்சிக்காரர் அவரைவிட மேல்.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருபவரை வாசலிலேயே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். செய்து தருவீர்களா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். உங்கள் ஊரில் வரப்போகும் விஷயத்தைக் கேளுங்கள். குப்பையைத் தனியாருக்கு விடும் தீர்மானம் வந்தால் எந்தப் பக்கம்? சந்தைக் கடை ஏலத்தைத் திறந்த ஏலமாக நடத்தச் சொல்வாரா? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவை மூடாத ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் பண்ணும் பொருள் வந்தால், ‘ஆல் பாஸ்’ என்பாரா, எழுந்து நிற்பாரா? கட்சி ஒன்று சொல்லி வார்டு ஒன்று சொன்னால் என்ன செய்வார்? பெண்களுக்கு ஒதுக்கிய வார்டாக இருந்தால் அந்தப் பெண்ணையே கேளுங்கள். நம் மாநிலத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனால் பக்கத்தில் நிற்கும் கணவர்தான் பல இடங்களில் பதில் சொல்கிறார். “நீங்க இருங்க, அவங்க சொல்லட்டும்” என்று தயங்காமல் சொல்லுங்கள். நகராட்சி வார்டு சின்னது. அவருக்கு உங்கள் ஓட்டு முக்கியம், நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது இருப்பவரே மறுபடி நின்றால் அவர் வாயையும் நம்ப வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு ஒரு மனுப் போடுங்கள். 2022 மார்ச் முதல் நடந்த மன்றக் கூட்டங்களில் உங்கள் வார்டு உறுப்பினர் எந்தெந்தப் பொருளில் எதிர்ப்பையோ கருத்தையோ பதிவு செய்தார் என்று மினிட் புத்தக நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நகல் கைக்கு வந்ததும், மகனையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து அதை வாசியுங்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.