தங்க நிற ஹைட்ரன்ட்: கேள்வி பதில்

சான் பிரான்சிஸ்கோவில் தெருத்தெருவாக நடந்து ஃபயர் ஹைட்ரன்ட்களைப் படம் எடுத்து வருகிறேன். தீப்பிடித்தால் வீரர்கள் ஹோஸை மாட்டித் தண்ணீர் எடுப்பதற்காக நடைபாதையில் நட்டு வைத்திருக்கும் இரும்புக் குழாய்தான் ஹைட்ரன்ட். படங்களைப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அக்கா, இந்தக் குழாய்மேல் உங்களுக்கு எப்படி இவ்வளவு ஆசை வந்தது?

ஒரே ஒரு குழாய்தான் காரணம். டோலோரஸ் பூங்காவின் மேட்டு ஓரத்தில், சர்ச் தெருவும் 20ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் தங்க நிறத்தில் ஒரு ஹைட்ரன்ட் நிற்கிறது. 1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12க்கு இங்கே நிலநடுக்கம். நடுக்கத்தில் இடிந்ததைவிட, அதன்பின் மூன்று நாள் எரிந்த தீயில் போனதுதான் அதிகம். மண்ணுக்கடியில் குழாய்கள் முறிந்து கிடந்ததால் பல இடங்களில் ஹைட்ரன்டைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. தீ மிஷன் பகுதியை நோக்கி வந்தபோது மேட்டில் இருந்த இந்தக் குழாயில் மட்டும் தண்ணீர் இருந்தது. களைத்துப்போன குதிரைகளால் மேட்டில் ஏற முடியவில்லை. ஊர் ஜனங்களே தீயணைப்பு எஞ்சினைத் தள்ளியும் இழுத்தும் மேலே கொண்டுபோனார்கள். தீ 20ஆம் தெருவோடு நின்றது.

ஒவ்வொரு வருடமும் அதே நாளில், விடிவதற்கு முன்பே அங்கே கூடி அதற்குத் தங்கப் பெயின்ட் அடிக்கிறார்கள். கிட்டப்போய்க் குனிந்து பாருங்கள். வருடக்கணக்கில் பூசிய பெயின்டில் போல்ட்டுகளின் விளிம்பெல்லாம் மழுங்கி, மெழுகில் தோய்த்து எடுத்தது போல இருக்கும். மூடிக்குக் கீழே வழிந்த பெயின்ட் சொட்டாகவே உறைந்து நிற்கும். நான் எடுத்த முதல் நல்ல படம் அந்தச் சொட்டுதான்.

சிங்கப்பூரிலிருந்து: சில ஹைட்ரன்ட் மெலிந்து வெள்ளையாக இருக்கிறது. சில தடித்து, தலையில் நீலம், சிவப்பு, கறுப்பு. அழகுக்காகவா?

அழகுக்காக இல்லை. இதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். டென்னிஸ் சலிவன் என்பவர் அப்போது இந்த ஊரின் தீயணைப்புத் தலைவர். தீயணைக்கவென்றே தனிக் குழாய் வேண்டும், கடல்நீரையும் எடுக்க வழி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. நிலநடுக்கத்தன்று பக்கத்துக் கட்டடத்தின் புகைபோக்கி அவர் இருந்த நிலையத்தின்மேல் சரிந்து விழுந்தது. நான்கு நாளில் இறந்துபோனார். ஊர் எரிந்தபோது நடத்த அவர் இல்லை. அவர் கேட்டதற்கு 1908இல்தான் பணம் ஒதுக்கினார்கள். 1913இல் வேலை முடிந்தது.

அந்தத் தனிக் குழாயில் இருப்பவைதான் தடித்த ஹைட்ரன்ட்கள். ட்வின் பீக்ஸ் குன்றின்மேல் ஒரு நீர்த்தேக்கம், அதற்குக் கீழே ஆஷ்பரி தொட்டி, இன்னும் கீழே ஜோன்ஸ் தெருத் தொட்டி. மேட்டிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வரும். கறுப்புத் தலை என்றால் ட்வின் பீக்ஸ் தண்ணீர், சிவப்பு என்றால் ஆஷ்பரி, நீலம் என்றால் ஜோன்ஸ் தெரு. நான் தலையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வரும் திசையும் படத்துக்குள் விழும்படி நிற்பேன். குழாயை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அப்புறம், தெருச் சந்திப்புகளில் தார் ரோட்டுக்கு நடுவே பெரிய செங்கல் வட்டம் தெரிந்தால் விடாதீர்கள். அதற்கடியில் நிலத்தடித் தொட்டி இருக்கிறது. பலவற்றில் சுமார் 2,80,000 லிட்டர் பிடிக்கும். குழாய் எல்லாம் உடைந்தாலும் அந்தத் தண்ணீர் அங்கேயே இருக்கும். பக்கத்து மேட்டிலிருந்து எடுத்தால்தான் வட்டம் முழுசாக விழும்.

டெக்சாஸிலிருந்து: எங்கள் ஊரிலும் இதே நிறக் கணக்குதானா?

இல்லை, ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் பரிந்துரைப்பது வேறு கணக்கு: நிமிடத்துக்கு 1,500 கேலனும் அதற்கு மேலும் தந்தால் வெளிர்நீலம், 1,000 முதல் பச்சை, 500 முதல் ஆரஞ்சு, அதற்கும் குறைந்தால் சிவப்பு. உங்கள் ஊர் இதைப் பின்பற்றுகிறதா என்று தண்ணீர் அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

கோவையிலிருந்து: லேத் பட்டறை வைத்திருக்கிறேன் அம்மா. ஹைட்ரன்ட் வாயின் மரையை மட்டும் ஏன் அத்தனை படம் எடுத்திருக்கிறீர்கள்? தலையில் உள்ள நட்டு ஏன் ஐந்து பட்டையாக இருக்கிறது?

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம் சார். நட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பட்டையிலும் ஆறு பட்டையிலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருக்கும், சாதாரண ஸ்பேனர் பிடித்துவிடும். ஐந்தில் எந்தப் பக்கத்துக்கும் எதிரே இணைப்பக்கம் இல்லை. கண்டவர்கள் திறக்க முடியாது.

மரை பெரிய கதை. 1904 பிப்ரவரி 7, பால்டிமோர் நகரில் தீ. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு எஞ்சின்கள் ரயிலேறி உதவிக்கு வந்தன. பிலடெல்பியா, நியூயார்க் வீரர்களும் வந்தார்கள். ஆனால் ஊருக்கொரு மரை. வந்தவர்களில் பலருடைய ஹோஸ் பால்டிமோர் ஹைட்ரன்டில் ஏறவில்லை. கையில் ஹோஸ், எதிரே தண்ணீர், நடுவில் பொருந்தாத மரை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதன்பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே அளவு வகுத்தார்கள்: இரண்டரை அங்குல வாய், அங்குலத்துக்கு ஏழரை மரை. அப்படியும் எல்லா ஊரும் மாறவில்லை. 1991இல் இங்கே அக்கரையில் ஓக்லண்ட் குன்றுகள் எரிந்து 25 பேர் இறந்தபோது, அந்த ஊர் ஹைட்ரன்ட் வாய் மூன்று அங்குலம். வெளியூர் வீரர்களின் ஹோஸ் இரண்டரை. 87 வருடத்துக்குப் பிறகும் அதே சிக்கல்! அதனால்தான் மூடி கழன்ற வாய் கண்ணில் பட்டால் மரை எண்ணும்படியாக, கிட்டத்தில் எடுத்து வைக்கிறேன்.

சென்னையிலிருந்து: என்னிடம் செல்போன்தான் இருக்கிறது. ஹைட்ரன்ட்மேல் இருக்கும் வார்ப்பு எழுத்து படத்தில் தெரியவே மாட்டேன் என்கிறது.

செல்போன் தாராளமாகப் போதும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை ஏழு மணிபோல வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் ஒரு பக்கம் நிழல் கட்டும், பெயின்டுக்கு அடியில் அமுங்கிய பெயர்கூட மேலே வரும். மேகமாக இருந்தால் சின்ன டார்ச்சைக் குழாயை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் குழாய் குள்ளமாகிவிடும். மண்டி போட்டு அதன் வாய் மட்டத்துக்கு போனை இறக்குங்கள். பெயின்டைச் சுரண்டவே கூடாது. மூடியைத் தொடவும் கூடாது.

சான் ஹோசேயிலிருந்து: அந்தப் பழைய குழாய்கள் பிறகு எப்போதாவது உதவினவா?

1989 அக்டோபர் 17இல் சோதனை வந்தது. நிலநடுக்கத்தில் மெரினா பகுதியில் தீப்பிடித்தது. குடிநீர்க் குழாய்கள் உடைந்தன. தீயணைப்புக்கென்றே போட்ட குழாயும் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே உடைந்து ஜோன்ஸ் தெருத் தொட்டி காலியானது. நீலத் தலை ஹைட்ரன்ட்களில் தண்ணீர் இல்லை. கடைசியில் ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு வந்து கடல்நீரை இறைத்துக் கொடுத்தது. ரோட்டில் ஹோஸை நீட்டி, தூக்கிச் செல்லும் ஹைட்ரன்ட்களை மாட்டி அணைத்தார்கள். ஹோஸ் இழுக்கத் தெருவில் நின்ற ஜனங்களும் கைகொடுத்தார்கள், 1906 போலவே.

கடல்நீர் வேண்டுமென்று சலிவன் கேட்டது இதற்குத்தான். தீயணைப்புப் படகுகளின் நிலையம் இருபத்திரண்டரை எண் படகுத்துறையில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த இடம், காலையில் போனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்.